அட்டவணையில் எழுதாத வரி

என் நோட்டில் இப்படி இருக்கிறது: “ஆகஸ்ட், மூன்றாம் ஞாயிறு. காலையில் மழை, பதினொன்றுக்கு நின்றது. மெல்பர்ன் 71, ஆக்லாந்து 54. போக வேண்டும்.”

போக வேண்டியது நான் அல்ல. ஆக்லாந்தின் ரானுயி பகுதியில் என் தெருவிலேயே வாடகைக்கு இருந்த யாழ்ப்பாணத்துப் பெண். மருத்துவ ஆய்வகம் ஒன்றில் வேலை. இரண்டு வருடங்கள் ஒரே ரயிலில் வேலைக்குப் போனோம். எங்கள் பழக்கத்தில் இருந்த ஆண்கள் எல்லோரையும் அவள் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். என்னை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதைக் கவனித்த நாளைக்கூடத் தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன். குறித்ததோடு சரி.

மெல்பர்னில் அவளுக்கு வேலை கிடைத்தது. “போறதோ விடுறதோ, நீங்கள் சொல்லுங்கோ” என்றாள்.

நான் ஒழுங்காகவே செய்தேன். சம்பளம், அவள் அக்கா வீடு, விசா, குளிர், பதவி உயர்வு என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று அவளிடமே கேட்டு எண் போட்டு, இரண்டு ஊருக்கும் தனித்தனியாகக் கூட்டினேன். அந்த ஞாயிறு மதியம் ஆக்லாந்திலேயே மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் ஒரு காப்பிக் கடையில் தாளை நீட்டினேன். காப்பி ஆறும்வரை வாசித்தாள்.

“வடிவாத்தான் எழுதியிருக்கிறியள். வீடு வாங்கிறதுக்கும் இப்பிடித்தான் போடுவியளோ?”

“ஆமா. கார் வாங்கவும் போட்டேன்.”

“அந்தக் கார்தானே போன கிழமை மோட்டர்வேயில நிண்டது?” சிரித்தாள். பிறகு, “ஒரு வரி குறையுது” என்றாள்.

“என்ன விட்டுட்டேன்? சொல்லுங்க, சேத்துடலாம்.”

“நான் சொல்லிச் சேர்க்கிற வரி இல்லை அது. எழுதினவர்தான் சேர்க்கவேணும்.”

எனக்கு அப்போதே புரிந்தது. பேனா கையில்தான் இருந்தது. அவள் முடிவில் என் ஆசையை நுழைப்பது நியாயமில்லை என்று நினைத்தேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். செப்டம்பரில் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு, ஒருவரிடம் ‘செய்ய வேண்டும்’ என்று சொல்வதைப் பற்றி நிறைய வாசித்தேன். மழை வரும்போல் இருந்தால் குடை எடுக்க வேண்டும் என்கிறோம். நனையக் கூடாது என்ற விருப்பம் அதற்குள்ளேயே இருக்கிறது. நனைய ஆசைப்படுகிற ஒருவரை அந்த வாக்கியம் கட்டுப்படுத்தாது. யாருடைய விருப்பம், எதையெல்லாம் தெரிந்துகொண்டு சொல்வது என்ற இரண்டையும் எடுத்துவிட்டால் ‘வேண்டும்’ என்பதில் எதுவும் மிஞ்சுவதில்லை. நான் அவள் விருப்பங்களைக் கேட்டேன். அவற்றை எடைபோட அவளுக்குத் தேவைப்பட்ட ஒரே ஒரு செய்தியை நான் சொல்லவில்லை. கணக்கில் பிழையில்லை, ஆனால் அவள் முடிவெடுக்கும்போது தெரிந்திருக்க வேண்டியது என்னிடமே தங்கிவிட்டது. அதை நியாயம் என்று சொல்லிக்கொண்டது பயத்தால்தான்.

இப்போதும் அதே ரயிலில்தான் போகிறேன். சில காலைகளில் அடுத்த நிறுத்தமான ஸ்டர்ஜஸ் ரோடு வருவதற்குள் அவளிடம் சொல்லவேண்டியதை மனதுக்குள் முழுதாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். நன்றாகவே சொல்கிறேன்.

போன வருடம், எங்கள் இருவருக்கும் தெரிந்த மலேசியத் தமிழ்ப் பெண் ஒருவர் வேறு ஒன்று சொன்னார். அந்த ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்பே, வெள்ளிக்கிழமை, அவள் மெல்பர்ன் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். அப்படியானால் நான் எதை எழுதியிருந்தாலும் அவள் போயிருப்பாள். அல்லது, நான் அந்த வரியைச் சேர்த்தால் அதை மாற்றிக்கொள்ளத்தான் அன்று என்னிடம் வந்தாள். கையெழுத்திட்ட தேதியை நான் இதுவரை சரிபார்க்கவில்லை.