டாக்ஸியிலிருந்து இறங்கியவர்

பார்வை மங்கிவிட்டது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று கண் மருத்துவர் சொன்ன நாளிலிருந்து டாக்ஸிக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாதி ஆயுளை நாலு சக்கரத்தின் மேல் கழித்தவர். கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். வாசலில் போய் நின்றார். மறுபடி உள்ளே வந்தார். அவர் சுற்றுவதைப் பார்த்தே தனக்குத் தலை சுற்றுகிறது என்று மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

கார் வாசலிலேயே நின்றது. தினமும் துடைப்பார். பேட்டரி செத்த பிறகும் சாவியைப் போட்டுத் திருகிப் பார்ப்பார். டயர்கள் சப்பையாகின. எலிகள் வயரைக் கடித்துப்போட்டன. அடித்தகடு துருவேறி ஓட்டை விழுந்தது.

வாங்க வந்தவர்களை அவரே விரட்டினார். ஒருவன் கதவை அறைந்து சாத்தினானாம். இன்னொருவன் சிகரெட்டோடு உள்ளே எட்டிப் பார்த்தானாம். எஞ்சினைக் கழற்றிக்கொண்டு மற்றதை நசுக்கிவிடலாம் என்ற பழைய இரும்புக்காரரை உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பினார். அன்று சாப்பாடு போடும்போது மனைவி கேட்டேவிட்டாள்.

"நீங்களும் ஓட்டப் போறதில்ல, அடுத்தவனுக்கும் கொடுக்கப் போறதில்ல. அப்புறம் என்னதான் பண்றதா உத்தேசம்?"

அவர் பாதிச் சாப்பாட்டிலேயே கை கழுவினார்.

ஒரே மகளுக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலை. விபத்தில் நசுங்கிய வண்டிகளை வெட்டி, உள்ளே சிக்கியவர்களை வெளியே எடுக்கும் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். பயிற்சிக்கு ஒரு பழைய கார் கிடைக்குமா என்று நிலைய அதிகாரி எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். அதை வீட்டில் சொல்ல அவளுக்கு வெகுநாளாக வாய் வரவில்லை. ஒருவழியாகச் சொன்னதும் அப்பா எழுந்து தெருவில் இறங்கிவிட்டார். கால் போன போக்கில் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து, செருப்பைக் கழற்றாமலே கேட்டார்.

"வெட்டத்தான் போறீங்களா?"

"ஆமாம்ப்பா. போன மாசம் ஒரு லாரி டிரைவர வெளிய எடுக்க ரொம்ப நேரமாயிடுச்சு. எங்களுக்குக் கைப்பழக்கம் பத்தல."

"பொழச்சாரா?"

மகள் காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் விடிந்ததும், வந்து இழுத்துக்கொண்டு போகச் சொல் என்றார்.

பயிற்சிக்கு வரமாட்டேன் என்றவர், எல்லோருக்கும் முன்னால் போய் மைதானத்தில் நின்றார். ஓட்டுநர் இருக்கையில் மணல் அடைத்த பொம்மையை வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு அதிகாரியிடம் போய், பொம்மைக்குப் பதில் தான் உட்காரட்டுமா, எங்கே வலிக்கிறது என்று தன்னால் சொல்ல முடியுமே என்று கேட்டார். அதிகாரி மகளைப் பார்த்தார். அவள் தயங்கி, சரியென்று தலையசைத்தாள்.

அவருக்குத் தலைக்கவசம், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, மேலே கனத்த போர்வை. போர்வைக்குள் இருட்டு. ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. வெட்டும் இயந்திரம் கதவோரத் தகட்டைக் கவ்வியதும் வண்டி முழுக்க முனகியது. நிறுத்துங்கள் என்று கத்திவிடுவோமோ என்று பயந்து ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்தார். பின்பக்கமாக யாரோ ஊர்ந்து வந்து அவர் தலையை இரண்டு கையாலும் தாங்கினார்கள்.

"கழுத்தத் திருப்பாதீங்க, ஐயா. நான் இருக்கேன். மெதுவா மூச்சு விடுங்க."

மகளின் குரல்தான். ஆனால் வீட்டில் கேட்கிற குரல் இல்லை.

"கால் மாட்டிக்கிச்சும்மா" என்றார். மாட்டவில்லை. அப்படிச் சொல்லும்படி யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

"எடுத்துடலாம். ஸ்டீரிங்க விடுங்க."

விட்டார். கூரையைத் தூக்கினார்கள், வெளிச்சம் கொட்டியது. பலகையில் கிடத்தி இறக்கினார்கள். எங்கேயாவது வலித்ததா என்று அதிகாரி கேட்டதற்கு, இறக்கும்போது இடுப்பு குலுங்கியது, மறுபடி செய்யுங்கள் என்றார். சாயங்காலம் வரை அவரை உட்காரவைத்து, இறக்கி, உட்காரவைத்து, இறக்கிப் பழகினார்கள். வெட்டுப்பட்ட கதவு புல்தரையில் கிடந்தது. அந்தப் பக்கம் மட்டும் அவர் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மகளைப் பற்றித்தான் முதலில் கேட்டாள்.

"அவ பிடி தளரவே இல்ல. எனக்குத்தான் ஸ்டீரிங்க விட மனசு வரல" என்றார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அடுத்த தடவை வேற வண்டி வரும்போதும் உள்ள உட்கார வரச் சொல்லியிருக்காங்க. போகட்டுமா?"

"போங்க. வீட்ல இருந்து மட்டும் என்னத்தக் கிழிக்கப் போறீங்க?" என்றாள், அவர் சட்டையில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளைத் தட்டிக்கொண்டே.