உம்மாவின் தலைமாட்டில் நட்ட செடி

பெயர் தெரியாத ஒரு செடியை உம்மாவை அடக்கிய கபுறில் நடக் கொடுத்தனுப்பியவள் நான். கபுறின் தலைமாட்டில் பச்சையாக ஏதாவது நிற்க வேண்டும், அது வாடாதவரை உள்ளே இருப்பவருக்கு ஆறுதல் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. மற்ற வீட்டார் குரோட்டன் கொப்பு ஊன்றுவார்கள். கடற்கரை மணலில் அது ஒரு கிழமைகூடத் தாங்காது. நான் படிப்பிக்கப் போகும் வழியில், கல்முனை றோட்டு மதகடியில், கிறவல் மண் கொட்டிய மேட்டில் ஒரு செடியைப் பார்த்து வைத்திருந்தேன். யாரும் தண்ணீர் ஊற்றாமல், லொறிப் புழுதியைத் தின்றுகொண்டு தினமும் பூத்துக் கிடந்தது. உம்மாவும் கிட்டத்தட்ட அப்படித்தான் வாழ்ந்தார். அதை வேரோடு பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, காக்காவிடம், என் அண்ணனிடம், கொடுத்தேன். எங்களில் பெண்கள் கபுறுகள் கிடக்கும் மையவாடிக்குள் போவதில்லை. காக்காதான் கொண்டுபோய் நட்டுவிட்டு வந்தார்.

அடுத்த வருடம் சூறாவளி வந்தது. மையவாடி மதில் விழுந்தது. கபுறுகளுக்கு அடையாளமாக நட்டிருந்த மீசான் கட்டைகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. உம்மாவின் கபுறுக்குக் காக்கா குறியாக வைத்திருந்த வேப்பமரம் வேரோடு புரண்டு, மணலெல்லாம் ஒன்றாகிக் கிடந்தது. வீட்டுக்குக் கூரை போட்டு, வயலைத் திருத்தி, நாங்கள் தலைநிமிரவே நாள் சென்றது. அதற்குப் பிறகுதான் பள்ளிவாசலில் அறிவித்தார்கள். நோன்புக்கு முன்னர் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கபுறுக்குப் புதுக் கட்டை நட்டுவிட வேண்டும், கட்டை இல்லாத இடத்தில் இனிப் புதுக் கபுறு வெட்டப்படும். உம்மாவுக்கு மேலே வேறு யாரையோ வைப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"நீ தந்த பூமரத்தப் பாத்துப் புடிக்கலாம் புள்ள. அதுட பேர் என்ன?" என்றார் காக்கா.

"பேர் தெரியா காக்கா."

"பேர் தெரியாததையா உம்மாட தலைமாட்டுல நடச் சொன்ன?"

"நட்ட ஆள் நீங்க. நட்ட இடம் உங்களுக்குத் தெரியா. என்னட்டப் பேர் கேக்கிறீங்க!"

காக்கா வேளாண்மைக்காரர். வயலுக்குள் முளைக்கும் களை என்றால் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே சொல்லுவார். வரம்புக்கு வெளியே முளைப்பதெல்லாம் அவருக்கு ஒன்றுதான். வெள்ளைப் பூ, ஐந்து இதழ், நடுவில் கடும் நிறம் என்று படித்துப் படித்துச் சொல்லியனுப்பினேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மையவாடிக்குப் போனவர், கையில் ஒரு பூவோடு வந்தார். பட்டிப்பூ. வெள்ளைதான், ஐந்து இதழ்தான், நடுவில் சிவப்புப் பொட்டும் இருந்தது. ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் கூடவே பிடுங்கி வந்த இலை வழுவழுவென்றிருந்தது. என் செடியின் இலை ஓரம் வாள் போலப் பல்லுப் பல்லாக இருக்கும்.

அதைச் சொன்னேன். அடுத்த வெள்ளி, இலையில் பல் இருந்தது, பூ வேறு. அதற்கடுத்த வெள்ளி ஊமத்தம்பூவைக் கொண்டு வந்து நீட்டினார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"அப்பிடி ஒரு பூ அங்க இல்ல புள்ள. காத்தோட போயிட்டு" என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. திட்ட எனக்கு மனம் வரவில்லை.

பெயர் தெரிந்தாலாவது பள்ளிவாசல் ஆட்களிடம் கேட்கலாம் என்று, மதகடியில் ஒரு கொப்பை ஒடித்துப் பாடசாலைக்குக் கொண்டு போனேன். காரைதீவிலிருந்து வரும் விஞ்ஞான ஆசிரியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்மட நாட்டுச் செடி இல்ல டீச்சர். எங்கயோ இருந்து வந்தது. மண்ணக் கிண்டிப் புரட்டின இடமெண்டா விடாது, வந்து குந்திக்கும்."

பெயரைக் கேட்டேன். முதலில் ஒன்று சொன்னார், பிறகு அது இல்லை என்றார், புத்தகத்தில் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது எனக்கு. பாடசாலை விடும் நேரம் பார்த்தால், பையிலிருந்த பூவெல்லாம் சுருங்கிப் போயிருந்தது. பிடுங்கியதால் வாடியது என்று நினைத்து, வேறு பறிக்க மதகடியில் இறங்கினேன். செடி நின்றது, பூ ஒன்றும் இல்லை. காலையில் விரிந்திருந்ததெல்லாம் பிழிந்த துணி போல முறுகிக் கிடந்தது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இது காலையில் பூத்து மத்தியானத்துக்குள் மூடிவிடுகிற பூ. காக்கா போவதோ மத்தியானம் ஜும்மா முடிந்த பிறகு! வழி நெடுக எனக்குள் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உம்மா கிடைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

மறுநாள் வெயில் ஏறியதும் காக்கா புதுக் கட்டையோடு போனார். நான் அன்று பாடசாலைக்குப் போகவில்லை. வாசலுக்கும் குசினிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அவர் வெகு நேரம் கழித்து வந்தார். முகம் சரியில்லை.

"நீ சொன்ன பூ இரிக்கி புள்ள. வேப்பமரம் நிண்ட பக்கம் முழுக்க வெள்ளையாக் கிடக்கு. ஒரு கபுறு மிச்சமில்ல, எல்லாத்திலயும் பூத்திரிக்கி."

சூறாவளி மண்ணைப் புரட்டிப் போட்டிருக்கிறது, செடி தன் பாட்டுக்குப் பரவியிருக்கிறது.

"கட்டைய என்ன செய்தீங்க?"

"ஆகக் கூடப் பூத்த இடத்துல நட்டுட்டன். முதல்ல நட்ட இடத்துலதானே கூடப் பூக்கும்? அந்த இடம் சரிதானே புள்ள?"

கிண்டிப் புரட்டின மண்ணில்தான் அது வந்து குந்தும் என்று விஞ்ஞான ஆசிரியர் சொன்னது காதில் கேட்டது. அந்த மையவாடியில் ஆகக் கூடப் புரண்ட இடம் வேப்பமரம் வேரோடு கிளம்பிய குழிதான். கட்டை அந்தக் குழியின் மேல் நிற்கிறதா, உம்மாவின் மேல் நிற்கிறதா? மையவாடிக்குள் ஒருநாளும் காலெடுத்து வைக்காத என்னைப் பார்த்து, உம்மாவைத் தன் கையால் கபுறுக்குள் இறக்கி வைத்த காக்கா கேட்கிறார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஓம் காக்கா, அதுதான் இடம்" என்றேன்.

நோன்பு வந்தது, போனது. காலையில் பஸ் மையவாடியைக் கடக்கும்போது, பாதி கட்டிய மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பேன். அந்த நேரம் வேப்பமரம் நின்ற மூலை முழுவதும் பூத்திருக்கும். உம்மா, இதில எந்தப் பூவடியில இரிக்கீங்க என்று வாய்க்குள் கேட்பேன். எந்தப் பூவைப் பார்த்து அழுவது என்று தெரிவதற்குள் பஸ் தாண்டிவிடும்.