புது மெஷினில் ஓடாத விளையாட்டு

எண்பதுகளின் கடைசியில் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உதவியாளராக இருந்தேன். பத்தாவது வரைதான் படிப்பு. ஏசி அறையைப் பெருக்குவது, மெஷின்களைப் போட்டு அணைப்பது, வருகிறவர்களைச் செருப்பை வெளியே விடச் சொல்வது என் வேலை. அதைச் சொல்லவும் கூச்சம், கையால் காட்டுவேன்.

அங்கே பாடம் எடுத்த சார் ஸ்ரீரங்கத்துக்காரர். ஒரு விளையாட்டின் புரோகிராமுக்குள் இருக்கும் எண்களை அவர் மாற்றி வைத்திருந்தார். அதில் ஓடும் பொம்மை மனிதன் எத்தனை முறை குழியில் விழுந்தாலும் சாக மாட்டான். கடைசிக் கட்டத்தைத் தாண்டினால் அவர் மனைவியின் பெயர் தமிழில் வரும். அந்த மெஷினில் தமிழ் எழுத்து கிடையாது. கட்டம் போட்ட நோட்டில் புள்ளி புள்ளியாக வரைந்து, அதை எண்களாக்கி உள்ளே வைத்திருந்தார். எனக்கு மட்டும் ஒருமுறை காட்டினார்.

"கல்யாண நாள் அன்னிக்குக் கூட்டிட்டு வந்து காட்டப் போறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றவர், "உங்களைப் போய்ப் பேசாதீங்கன்னு சொல்றேன் பாருங்க!" என்று சிரித்தார்.

அந்த நாள் வருவதற்குள், மணப்பாறை ரோட்டில் ஸ்கூட்டரில் போனவர் லாரி மோதி இறந்துபோனார்.

காரியம் முடிந்து சில வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவதென்று தெரியாமல் அந்தப் பெயரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். "நான் அதைப் பாக்கணும் தம்பி" என்றார் அவர் மனைவி. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன்.

ஆனால் அந்த வாரமே பழைய மெஷின்களை விற்றுவிட்டுப் புதியவை வாங்கினார்கள். விளையாட்டு இருந்த சாருடைய பிளாப்பியைப் போட்டதும் திரை அப்படியே நின்றுவிட்டது. பழைய மெஷின்களைக் கிளப்பப் பயன்பட்ட டாஸ் பிளாப்பியைப் போட்டுக் கிளப்பியபோது விளையாட்டு திறந்தது. பொம்மை மனிதன் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடிக் குழியில் விழுந்தான். எழுந்தான், விழுந்தான். சாவு இல்லை என்பதால் நிற்கவே இல்லை. வேகத்தைக் குறைக்கும் பொத்தானை அழுத்தியும் பயனில்லை.

புதிதாக வந்திருந்த இன்ஸ்ட்ரக்டரிடம் காட்டினேன். "பழைய பிராசஸர் வேகத்துக்கு எழுதினது அண்ணே. நடுநடுவுல மெஷினைச் சும்மா எண்ண வச்சு நேரத்தைக் கடத்துவாங்க. இது படபடன்னு எண்ணி முடிச்சிடுது. கொஞ்சம் கூடுதலா எண்ண வைக்கணும். அதுக்கு உள்ள இடம் வேணும்" என்று தேடினார். "இந்தா, இங்க ஏதோ குப்பை கிடக்கு. இதுலயே வச்சிடலாம். பிளாப்பிக்குக் காப்பி எடுத்து வச்சிருக்கீங்கல்ல?"

இல்லை. முதலாளியிடம் ஒரு காலி பிளாப்பி கேட்கக் கூச்சப்பட்டு நான் காப்பியே எடுக்கவில்லை. அதைச் சொல்லவும் கூச்சம். இருக்கிறது என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டேன். அவர் எழுதி முடித்தார். விளையாட்டு அழகாக, பழைய நிதானத்தில் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த அம்மா வந்தார். செருப்பை அவரே வெளியே விட்டார். நான் ஆடிக் கடைசிக் கட்டத்தைத் தாண்டினேன். திரையில் சிந்திய அரிசி மாதிரி புள்ளிகள் கிடந்தன. குப்பை என்று அந்த இன்ஸ்ட்ரக்டர் நினைத்த எண்கள் எவை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"இதுதானா?" என்றார்.

"ஆமாங்கக்கா. புது மெஷின்ல எழுத்து உடைஞ்சு தெரியுது."

அவர் திரையின் கண்ணாடிமேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார். "மூணு கொத்தா இருக்கு பாருங்க. என் பேரும் மூணு எழுத்துதான்" என்றார். எனக்கு அங்கே மூன்றும் தெரியவில்லை, எதுவும் தெரியவில்லை.

"இன்னொரு தடவை வர வைங்க தம்பி."

நான் முதல் கட்டத்திலிருந்து மறுபடி ஆட ஆரம்பித்தேன்.