கவிழ்த்து வைத்த குடம்

எங்கள் ஊர் நல்லவாடு. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காவுக்குக் காய்ச்சலில் காது போய்விட்டது; பேச்சு மட்டும் நன்றாக வரும். சில வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசி மதியம், ரேடியோவில் புயல் செய்தி வந்ததும் ஊரில் மேளம் அடித்துச் சொன்னார்கள். எல்லோரும் தவளக்குப்பம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினோம். தெருத் தெருவாக அடித்தாயிற்றே, யாருக்குத் தெரியாமல் இருக்கும் என்று நானும் நடந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் அக்காவைக் காணவில்லை. மழையில் திரும்பி ஓடினேன். கடல் தெருமுனைவரை ஏறியிருந்தது. அக்காவோ வாசலில் குடம் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இது எதற்கு என்று கையால் கேட்டேன்.

"மோளம் போச்சி, பின்னாடியே ஊரே போச்சி. சுடுகாட்டுக்குப் போனவங்க திரும்பி வந்தா கால் கழுவத் தண்ணி வேணாமா? செத்தது யாருடி?"

எங்கள் ஊரில் சாவுக்கும் அதே ஆள்தான் மேளம் அடிப்பார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடத்தைக் கவிழ்த்துவிட்டு, கடலைக் காட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

அன்றிலிருந்து புயல் என்றால், என் மூட்டையைக் கட்டுவதற்கு முன் அக்கா வாசலுக்குப் போய்க் குடத்தைக் கவிழ்த்து வைப்பேன். உடனே கிளம்பு என்று எங்களுக்குள் அர்த்தம்.

போன ஐப்பசியில் மேளம் வருவதற்கு முன்பே என் வாசல் குடம் கவிழ்ந்திருந்தது. ஆண்கள் படகுகளை மேட்டுக்கு இழுப்பதைப் பார்த்துவிட்டு, அக்கா மூட்டையோடு எனக்காக நின்றுகொண்டிருந்தார்.