மூன்று வரியிலும் "லாரியின்..."

டீசல் புகை, ஈரச் சிமென்ட் வாசனை... எடைமேடை கேபினின் கண்ணாடி ஜன்னலைத் தள்ளினால் இரண்டும் சேர்ந்து உள்ளே வரும். கஞ்சிக்கோட்டிலிருந்து வாளையார் போகிற சாலை. வெளியே லாரி வரிசை. உள்ளே ஒரு பழைய சதுர மானிட்டரில், நான் தனியாகச் செய்த முதல் ஜாவா திரை!

வேலைக்குச் சேர்ந்து நான்காவது மாதம். மதியத்துக்குள் இது ஒழுங்காக ஓடினால் இனி புரோகிராமிங், இல்லையென்றால் பழையபடி டெஸ்டிங் என்று டீம் லீடர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்தத் திரையை கிராஃப் தாளில் வரைந்து வைத்திருந்தேன். ஒவ்வொரு கட்டமும் இடப்பக்கத்திலிருந்து இத்தனை பிக்சல், மேலிருந்து இத்தனை, அகலம் இத்தனை... எல்லாவற்றையும் setBounds போட்டு ஆணி அடித்த மாதிரி நிறுத்தியிருந்தேன். Gross, Tare, Net என்று மூன்று குட்டிச் சொற்கள், பக்கத்தில் எண்களுக்கு மூன்று கட்டங்கள். என் லேப்டாப்பில் அவ்வளவு அழகு!

முந்தின நாள் எடைமேடை முதலாளி ஒரு மாற்றம் கேட்டார். டிரைவர்களில் பாதிப் பேர் எல்லை தாண்டி வருகிற கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். ஜன்னல் வழியாகவே படித்துக்கொள்ளத் தமிழில் வேண்டுமாம். இதென்ன பெரிய வேலை? சொற்களை மட்டும் மாற்றினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

கேபினில் எடை போடுகிற மணியண்ணன் முதல் லாரியை மேடையில் ஏற்றினார். திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, மூணு வரியிலயும் லாரியின், லாரியின், லாரியின்னு புள்ளி வெச்சு நிக்குதுங்க. இதுல எதுங்க காலி எடை?"

லாரியின் மொத்த எடை, லாரியின் காலி எடை, லாரியின் சரக்கு எடை. நான் ஒதுக்கியிருந்த இடமோ ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு. இடம் போதாமல் ஜாவா மூன்று புள்ளி வைத்து முடித்துவிட்டது.

லாரி டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "லாரி பொட்டிக்குள்ள நொழையாதாட்ட இருக்குதுங்க."

மணியண்ணன் சிரிக்காமல், கையால் எடை எழுதிக் கொடுக்கிற பழைய சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். அதுதான் எனக்கு வலித்தது.

சொற்களுக்கு அகலம் கூட்டினேன். அவை எண் கட்டங்களின் மேல் ஏறின. கட்டங்களை வலப்பக்கம் தள்ளினேன். சேவ் பட்டன் மானிட்டரை விட்டே வெளியே போனது! மணி பதினொன்று.

அப்போதுதான் துணிந்தேன். setBounds வரிகள் அத்தனையையும் அழித்தேன். புத்தகத்தில் மட்டும் படித்திருந்த GridBagLayout-ஐ எடுத்தேன். அதில் நாம் அளவு சொல்லவேண்டாம், எது எதற்குப் பக்கத்தில் என்று உறவு சொன்னால் போதும். சொற்கள் தமக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொள்ளட்டும், மிச்சமெல்லாம் கட்டங்களுக்கு.

முதல் முறை ஓட்டியபோது எல்லாம் திரையின் நடுவில், மழைக்கு ஒதுங்கிய கூட்டம் போல ஒட்டிக்கொண்டு நின்றன. weightx என்று ஒன்று கொடுக்க மறந்திருந்தேன். மிச்ச இடம் யாருக்கு என்று சொல்வது அதுதான். எண் கட்டங்களுக்கு அதன் மதிப்பை 1 என்று கொடுத்து மறுபடி ஓட்டினேன்...

மூன்று வரிகளும் முழுசாக நின்றன! மானிட்டரில் அந்த ஜன்னலின் மூலையை மவுஸால் பிடித்து இழுத்தேன். கட்டங்கள் கூடவே நீண்டன. குறுக்கினேன், சேர்ந்தே குறுகின. சொற்கள் அசையவில்லை. ஒரு பத்து முறையாவது இழுத்திருப்பேன்.

"போதுமுங்க அம்மிணி, லாரி நிக்குதுங்க," என்று மணியண்ணன் சீட்டுப் புத்தகத்தை மூடினார்.

அதன்பின் டெஸ்டிங்குக்குத் திரும்பவில்லை. பல வருடம் ஆகிவிட்டது, இப்போது கோயம்புத்தூரில் வேலை. ஃபோனுக்கும் டேப்லெட்டுக்கும் திரை செய்கிறேன். முக்கால்வாசியை டூலே பார்த்துக்கொள்கிறது. மூலையைப் பிடித்து இழுத்துப் பார்க்கிற அந்தப் படபடப்பு இல்லை...

போன வாரம் மணியண்ணன் ஒரு ஃபோட்டோ அனுப்பியிருந்தார். கேபினில் புது மானிட்டர், பழையதைப்போல இரண்டு மடங்கு அகலம். கூடவே ஒரு குரல் செய்தி.

"அம்மிணி, பொட்டி மாத்திட்டோமுங்க. யாரும் ஒண்ணும் தொடலைங்க. அதுவே விரிஞ்சு உக்காந்துக்குச்சுங்க."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லாரியின் காலி எடை. பின்னால் இடம் போதாத புள்ளி ஒன்றுகூட இல்லை.