கிளட்ச் இல்லாத வண்டி

கண்டெய்னர் யார்டுக்குள் பெட்டி இழுக்கிற வண்டிகளுக்கு கிளட்ச் கிடையாது. நூறு அடி போய் நிற்க வேண்டும், மறுபடி நூறு அடி போக வேண்டும். நாள் முழுக்க அதுதான் வேலை. ஒவ்வொரு தடவையும் கிளட்ச்சை மிதித்தால் டிரைவரின் கால் என்னத்துக்கு ஆகும் என்று ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் வைத்திருக்கிறார்கள். லாரி ஓட்டிப் பழகியவர்கள் முதல் நாள் ஏறி உட்கார்ந்ததும் இடது காலால் துழாவுவார்கள். ஒன்றும் தட்டுப்படாது. தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

நான் சொல்ல வந்த வண்டியின் டிரைவர் அப்படித் துழாவியிருக்க மாட்டார். அவர் முன்பு சங்கு குளிக்கப் போனவர். படகில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்க, டியூபை வாயில் கடித்தபடி அடியில் கிடந்து சங்கு பொறுக்குகிற வேலை. ஒருநாள் மேலே ஏறி வந்த வேகம் கூடிப்போய் இடது கால் மரத்துவிட்டது. பிறகு நடக்கிற அளவுக்குத் திரும்பி வந்தது, மிதிக்கிற அளவுக்கு வரவில்லை. கடலை விட்டுவிட்டு யார்டுக்கு வந்தவருக்கு இந்த ஒரு வண்டிதான் அமைந்தது. மற்ற வண்டிகளுக்கெல்லாம் ஏற்கெனவே ஆள் உண்டு.

அந்த வண்டிதான் உப்பளத்துப் பக்கம் இருக்கும் என் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தது. பெட்டி ஏற்றினால் எஞ்சின் கத்துகிறது, வண்டி முன்னால் நகர மாட்டேன் என்கிறது. ரிவர்ஸ் மட்டும் போகிறது. ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தேன். கருகல் வாடை.

வண்டியின் முதலாளி, வேறு ஏதோ துறைமுகத்தில் ஓடித் தேய்ந்ததை வாங்கி யார்டுக்கு வாடகைக்கு விட்டிருந்தவர், கூடவே வந்திருந்தார்.

"ஆட்டோமேட்டிக்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்வே. லாரி உடைக்குத இடத்துல சாதா கியர் பாக்ஸ் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். கிளட்ச்சப் போட்டு ஓட்டிருவோம். செவ்வாக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. பார்ட்ஸ் கிடைக்காமல் அப்படி மாற்றி ஓடுகிற வண்டிகள் ஊரில் உண்டு. டிரைவர் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து, காதில் விழாதவர் மாதிரி பீடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்துருவோம் அண்ணாச்சி. சரியாயிரும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. நான் யாரிடமும் 'சரியாயிரும்' என்று சொல்கிற ஆள் இல்லை. 'பாக்கணும்' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கிலீஷில் இருப்பதை எழுத்து எழுத்தாகத்தான் கூட்டிப் படிப்பேன். எங்கேயாவது ஒன்று விட்டுப்போயிருக்கும் என்ற பயம் எப்போதும் உண்டு. "அடுப்ப அணைச்சாச்சான்னு மூணு வாட்டி எந்திரிச்சுப் பாக்குத ஆளு, அந்த கியர் பாக்ஸ எத்தன வாட்டி பாப்பியளோ" என்று வீட்டுக்காரி சொல்லுவாள்.

கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்து, கழற்றிய வரிசை மாறாமல் அட்டையில் பரப்பினேன். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு பிளேட், அடுத்து ஒரு ஸ்டீல் பிளேட், மறுபடி பழுப்பு என்று அடுக்கடுக்காக இருக்கும். ஆயில் அழுத்தம் வந்து அவற்றை இறுக்கிப் பிடித்தால் வண்டி நகரும். முன்னால் போவதற்கான அடுக்கில் முக்கால்வாசி கருகியிருந்தது. கருகியதைப் பார்த்தால் போதாது, ஏன் கருகியது என்று தெரிய வேண்டும். இல்லாவிட்டால் புதுசும் கருகும். பின்னால் இருந்த ரப்பர் சீலை வளைத்துப் பார்த்தேன், காய்ந்த கொடுக்காப்புளித் தோடு மாதிரி ஒடிந்தது. அழுத்தம் அங்கேதான் ஒழுகிப் போயிருக்கிறது.

வண்டியின் புத்தகத்தைப் பார்த்து, எந்த மாடல், எந்த வருடம் என்று சென்னைக் கடைக்காரரிடம் போனில் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். திங்கட்கிழமை பார்சல் வந்தது. பிளேட்டின் பல் பொருந்தியது. ஐந்து பழுப்பு, ஐந்து ஸ்டீல். அடுக்கி, ரிங்கைப் போட்டு, மெல்லிய தகடுகளை நுழைத்து இடைவெளியை அளந்தேன். இருக்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. மறுபடி கழற்றி அடுக்கினேன். அதே இடைவெளி. கருகாமல் மிச்சமிருந்த பழைய பிளேட் ஒன்றைக் கனம் அளக்கிற வெர்னியரில் வைத்தேன். புதுசு மயிரிழை மெலிசு. ஒன்றில் மயிரிழைதான், பத்தும் சேர்ந்தால் அது பெரிய வித்தியாசம்.

கியர் பாக்ஸின் பக்கவாட்டில் உப்பும் பெயின்ட்டுமாகக் கட்டிப்போயிருந்த இடத்தை மண்ணெண்ணெய் ஊற்றிப் பழைய பல் பிரஷால் தேய்த்தேன். அடியில் ஒரு தகடு இருந்தது. அதில் வெட்டியிருந்த எண்ணும் வண்டிப் புத்தகத்தில் இருந்த கியர் பாக்ஸ் எண்ணும் கடைசி இரண்டு இடத்தில் மாறியிருந்தன. பழைய துறைமுகத்தில் யாரோ வேறொரு வண்டியின் கியர் பாக்ஸை இதில் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். நான் கியர் பாக்ஸைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்து பார்ட்ஸ் வாங்கியிருக்கிறேன். எதையும் மூன்று தடவை பார்க்கிற நான், மூன்று தடவையும் புத்தகத்தைத்தான் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் முதலாளியும் டிரைவரும் வந்தார்கள். தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்கு முன்னால் இருந்த பயம் சொன்ன பிறகு இல்லை.

"இடைவெளிதானவே?" என்றார் முதலாளி. "கூட ஒரு ஸ்டீல் பிளேட்டச் சொருகி அடைச்சிரும். யாரு உள்ள எட்டிப் பாக்கப் போறா?"

"அது தாங்காது அண்ணாச்சி. சூடேறி மறுபடி கருகும். அப்பம் நானே ஆட்டோமேட்டிக் வேண்டாம்னு சொல்லுத மாரி ஆயிரும்."

"அப்பம் சாதா கியர் பாக்ஸக் கொண்டாரச் சொல்லுதேன்." போனை எடுத்தார்.

டிரைவர் எழுந்து வந்தார். "மொதலாளி, வெள்ளிக்கிழம வரைக்கும் பொறுங்க. நானே மெட்ராஸ் போயி கையோட வாங்கிட்டு வாரேன்."

"ஒமக்கு பிளேட்டப் பத்தி என்னவே தெரியும்?"

"சங்கு அளவு பாத்த கை மொதலாளி. அளவு வளையத்துல நுழைஞ்சா சின்னச் சங்கு, எடுக்கக் கூடாது. கலங்கல் தண்ணியில கையால தடவியே சொல்லிருவேன்."

"கடலுக்குள்ள கியர் பாக்ஸா கெடக்கு?" என்றாலும் முதலாளி போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டார். "வெள்ளிக்கிழம. அதுக்கு மேல என்கிட்ட பேசக்கூடாது."

கருகாத பழுப்பு பிளேட் ஒன்று, ஸ்டீல் பிளேட் ஒன்று, ஒடிந்த சீல், பழைய ஃபில்டர் எல்லாவற்றையும் பேப்பரில் சுற்றித் துணிப்பையில் போட்டுக் கொடுத்தேன். தகட்டில் இருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். அதை நம்பாமல் தகட்டையே போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

மறுநாள் டிரைவர் சென்னைக் கடையிலிருந்து போனில் கூப்பிட்டார்.

"மேஸ்திரி, மூணு விதம் எடுத்துப் போட்டிருக்கான். மூணுக்கும் ஒரே பல்லு. கண்ணுக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு."

"பழசு மேல புதுச வைக்காதயும். பக்கத்துல பக்கத்துல வச்சு, ஓரத்த நகத்தால தடவும்."

"தடவியாச்சு. ரெண்டாவதுதான் நம்மளுது."

"வெர்னியர் இருந்தா…"

"அதையும் வச்சுப் பாத்துட்டான். நான் சொன்னதத்தான் அதுவும் சொல்லுது."

"எண்ணு?"

"எண்ணும் சரி மேஸ்திரி. நீங்க மொதல்ல சாப்பிடுங்க."

வியாழக்கிழமை பகலில் வந்து இறங்கினார். ஃபில்டரில்கூடக் குட்டை, நெட்டை என்று இரண்டு இருந்ததாம். பழசோடு நிறுத்திவைத்துப் பார்த்து நெட்டையை வாங்கி வந்திருந்தார். பழுப்பு பிளேட்டுகளைப் புது ஆயிலில் ஊறப் போட்டுவிட்டு அவரை வீட்டுக்குப் போகச் சொன்னேன். அவர் போகவில்லை. டயர் மேலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஊறியதை அடுக்கி, ரிங் போட்டு அளந்தேன். இடைவெளி சரியாக இருந்தது. மூன்றாம் தடவை அளக்கும்போது, கண்ணைத் திறக்காமலே, "இன்னொரு வாட்டியும் பாத்துருங்க" என்றார். பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை யார்டில் நிறைபெட்டி ஏற்றினார்கள். நான் அவர் பக்கத்தில், எஞ்சின் மூடியின் மேல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். எடைமேடைக்கு ஏறுகிற சரிவின் நடுவில் நிறுத்தச் சொன்னேன். சரிவில் நின்று மறுபடி கிளம்புவதுதான் பரீட்சை. முதலாளி கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

டிரைவர் பிரேக்கை விட்டு மெதுவாக மிதித்தார். வண்டி ஒரு நொடி அப்படியே நின்றது. அந்த ஒரு நொடிக்குள் எனக்கு சீல் திருப்பிப் போட்டுவிட்டேனோ, ரிங் உட்காரவில்லையோ என்று எல்லாம் வந்து போயிற்று. பிறகு யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியது போல வண்டி மேலே ஏறியது. எஞ்சின் கத்தவில்லை. அவருடைய இடது கால் வேலை ஒன்றும் இல்லாமல் தரையில் இருந்தது. மேடை மேல் நிறுத்தி, இறங்கி, சுற்றி வந்து, இன்னும் இரண்டு தடவை அதே சரிவில் நின்று ஏறினோம்.

முதலாளி போனை எடுத்துப் பேசுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பக்கத்தில் வந்ததும் குரல் கேட்டது: "அந்த சாதா கியர் பாக்ஸ வேற ஆளுக்குக் குடுத்துரும்வே. எனக்கு வேண்டாம்."

டிரைவர் அதைக் கேட்டாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கேட்டிருப்பார். முன்னால் வரிசையில் நின்ற பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்குங்க மேஸ்திரி" என்றார். "காலைல இருந்து ஏழு பெட்டி நிக்கி."

இறங்கினேன். வண்டி போனதும், அது நின்றிருந்த இடத்தில் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு ஆயில் இல்லை. காய்ந்த தரைதான்.