மாத்திரை விழுங்காத அத்தை

அந்தக் கண்ணாடித் தட்டு இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. கிருமி வளர்க்கும் தட்டு அது. அதன்மேல் ஆறு மருந்து வில்லைகளை வைத்து மூடியிருந்தேன். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டமாகத் தெளிந்திருக்கும். மறுநாள் காலை திறந்து பார்த்தால், ஐந்து வில்லைகளைச் சுற்றித் தெளிவே இல்லை. கிருமி கூச்சமில்லாமல் விளிம்புவரை வந்து அப்பிக்கொண்டிருந்தது. தட்டில் ஒட்டியிருந்த பெயர் என் அத்தையுடையது.

அத்தைக்கு ஊர் தோணிரேவு. பழவேற்காட்டு ஏரியில் கையால் இறால் பிடிப்பவள். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி சேற்றைத் துழாவி, விரலில் இறால் தட்டுப்பட்டதும் அமுக்கி எடுத்து, பல்லால் கவ்வியிருக்கும் ஓலைப்பறியில் போடுவாள். ஒருநாள் இறாலின் தலைமுள் விரலில் குத்திவிட்டது. வாரத்துக்கு நாலு முறை குத்துவதுதானே என்று விட்டுவிட்டாள். மூன்றாம் நாள் முழங்கைவரை வீங்கி, நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

முடிவைப் பார்த்த மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். "இந்த ஜனங்களே இப்படித்தாம்மா. மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை வாங்கிப் போடுவாங்க, வலி நின்னா பாதியில நிறுத்திடுவாங்க. அப்புறம் எந்த மருந்து கேக்கும்?" என்றவர், அதையே நோயாளிக் குறிப்பிலும் எழுதிவிட்டார். நான் அதை நம்பினேன். இப்போதும் என்னை அரிப்பது அதுதான். நேரே கட்டிலுக்குப் போய், "எந்தக் கடையில மாத்திரை வாங்கித் துன்ன?" என்று சீறினேன்.

"இன்னாடி கேக்குற? மாத்திரைன்னா எனக்குத் தொண்டையில எறங்காதுனு உங்க நைனாவுக்கே தெரியும். ஜுரம் வந்தாகூட கஷாயந்தான்" என்றாள்.

உண்மைதான். சின்ன வயதில் நான் மாத்திரையைத் துப்பும்போதெல்லாம் எனக்குப் பரிந்து பேசியவளே அவள்தான். படித்த திமிரில் எனக்கு அது மறந்துபோயிருந்தது.

சாயமேற்றிப் பார்த்தால் சில கிருமிகள் ஊதாவாகத் தெரியும், சில இளஞ்சிவப்பாக. உருண்டையா, கோலா, வளைந்த கோலா என்று பார்த்து, எந்தச் சர்க்கரையைத் தின்கிறது என்று சோதித்து, இனம் பிரித்துப் பெயர் சூட்டுவது என் பிழைப்பு. அத்தையுடையது இளஞ்சிவப்பு, வளைந்த கோல், உப்புநீரில் வாழும் விப்ரியோ. ஆனால் இந்தப் பிரிவினையெல்லாம் நமக்குத்தான். சாதி பார்த்துப் பெண் கொடுப்பவர்கள் நாம். கிருமிகளுக்கு அந்த வழக்கமில்லை. ஒன்று இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு, பிளாஸ்மிட் என்னும் சின்ன மரபணு வளையத்தின் நகலைக் கொடுத்துவிடும். வாங்கிக்கொள்வது வேற்று இனமாகவும் இருக்கலாம். மருந்தைத் தாங்கும் வித்தை அப்படித்தான் கைமாறுகிறது. கரையோரப் பண்ணைகள் சிலவற்றில் இறாலுக்குத் தீவனத்தோடு மருந்து கலந்து போட்டு, கழிவுநீரை ஏரியில் திறந்துவிடுவதை ஊரே பார்த்திருக்கிறது. மருந்து கலந்த தண்ணீரில் மருந்துக்குச் சாகாத கிருமிதானே பெருகும்? அத்தையின் கிருமிக்கு அங்கேதான் அந்த வித்தை கிடைத்தது என்று என் தட்டு சாட்சி சொல்லாது. ஆனால் அந்தத் தண்ணீரை ஒரு குப்பியில் எடுத்துச் சோதிக்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லையே! குற்றம் சாட்ட மட்டும் ஒரு கிழவி கிடைத்தாள்.

ஆறாவது மருந்து உயிரைக் காப்பாற்றியது. அதற்குள் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கறுத்துப்போய், வெட்டி எடுத்தார்கள். குறிப்பில் உள்ள அந்த வரியை அடித்துவிடும்படி மருத்துவரிடம் கேட்டேன். "சொந்தக்காரங்கன்னா அப்படித்தாம்மா தோணும்" என்று சிரித்தார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. வரி அப்படியே இருக்கிறது. பண்ணைத் தண்ணீரும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அத்தை மூன்று விரலோடு மறுபடி ஏரியில் இறங்கிவிட்டாள். பாதி இறால் நழுவிவிடுகிறதாம்.

போன மாதம் கையைக் காட்ட வந்தவள், ஆங்கிலத்தில் இருந்த நோயாளிக் குறிப்புத் தாளை நீட்டிப் படித்துச் சொல்லச் சொன்னாள். மறைக்க மனமில்லாமல் அந்த வரியையும் தமிழில் சொன்னேன்: நோயாளி மருந்தைப் பாதியில் நிறுத்தியவர்.

அத்தை தாளை வாங்கி மடித்தாள்.

"நாப்பது வருஷமா அந்தத் தண்ணியிலதான் கழுத்து மட்டும் உக்காந்துனு கீறேன். அவனுங்க கொட்ற மருந்தெல்லாம் என் மேலதான் வருது. ஒருநாளாச்சும் நிறுத்தி கீறேனாடி?" என்றாள்.